சூடும் மின்செலவும் குறைந்த கணினிக்கு மாறுவது எப்படி?

கத்திரி வெயில் காலத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஏசி இல்லாமல், காலடியில் பழைய டவர் கணினி அனல் கக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி தாக்கல், தட்டச்சு, டிடிபி போன்ற வேலைகள்தான் என் கணக்கில் இருக்கின்றன. விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் இது உதவாது. அவற்றுக்குச் சூட்டைத் தவிர்க்கவும் முடியாது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். எப்படியும் பலர் கணினியை மாற்றத்தான் போகிறார்கள். மாற்றுவதே மாற்றுகிறோம், சூடு குறைந்ததாகப் பார்த்து மாற்றினால் என்ன என்று இறங்கினால், கடையில் கேட்கும் பதில்களில் பாதி ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கோ வேறு கதை சொல்லும். அந்தக் குழப்பத்தில் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை.

1. இப்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்

அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மேல் 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கணினி 450 வாட் எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அந்தப் பெட்டியால் அதிகபட்சம் தர முடிந்த அளவு. உங்கள் கணினி அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடத் தொடாமல் இருக்கலாம்.

பிளக்கில் செருகி அளக்கும் சிறிய வாட் மீட்டர் ஆன்லைனில் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக் வீட்டில் இருந்தால் அதுவும் போதும். இரண்டும் இல்லையென்றால் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: வீட்டு வாசலில் இருக்கும் ஈபி மீட்டர்.

எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 போன்று ஓர் எண் இருக்கும். அந்த விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். 6000ஐ மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்து, வருவதை மினுக்கல் எண்ணிக்கையால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். 3200 மீட்டரில் 55 முறை மினுக்கினால் சுமார் 103 வாட்.

அதன்பின் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். மானிட்டர் தனி, கணினி தனி என்று பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். பழைய மானிட்டர் நாற்பது வாட் எடுத்துக்கொண்டிருந்தால் பாதிக் குற்றவாளி அதுதான். இன்றைய 22, 24 அங்குல எல்இடி மானிட்டர்கள் பெரும்பாலும் இருபது வாட்டை ஒட்டியே எடுக்கின்றன.

ஒன்றும் செய்யாமல் திரை மட்டும் எரியும் நிலையில் ஒருமுறை, வழக்கமான வேலை நடக்கும்போது ஒருமுறை என இரண்டையும் குறித்துவையுங்கள். கணக்கு எழுதுபவரின் கணினி நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும் நிலையில்தான் இருக்கிறது. ஆகவே முதல் எண்ணையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் யாரும் அந்த எண்ணைச் சொல்வதில்லை.

2. வாங்காமலே குறையுமா என்று பாருங்கள்

பழைய டவருக்குள் யாரோ எப்போதோ போட்ட கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்து, மதர்போர்டிலும் திரைக்கான போர்ட் இருந்தால் அந்த கார்டைக் கழற்றிவிடலாம். இதிலேயே கணிசமான வாட் குறையும். இரண்டாவது ஹார்டு டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் பவர் அமைப்பு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருந்தால் ‘பேலன்ஸ்டு’க்கு மாற்றுங்கள். உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11க்குத் தகுதியானது என்றால் இவ்வளவே போதுமானதாகவும் இருக்கலாம்.

3. பணக் கணக்கை நேர்மையாகப் போடுங்கள்

டவர் மட்டும் 85 வாட் எடுக்கிறது, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத பில்லில் அது 51 யூனிட். 12 வாட் எடுக்கும் மினி பிசி (புத்தகம் அளவுள்ள சிறிய கணினி) என்றால் சுமார் 7 யூனிட். மிச்சம் 44 யூனிட்.

அந்த 44 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம்; அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டிய அடுக்கில் ஒரு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். அந்த அடுக்கில் இருப்பவருக்கு ஒரு பில்லுக்கு 350 ரூபாயாவது மிச்சமாகும். தாண்டினால் கீழ் அடுக்குகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும் என்பதால், 500ஐ ஒட்டி நிற்கிறவருக்கு லாபம் இன்னும் அதிகம். 200 யூனிட்டுக்குள் முடிக்கிறவருக்கோ நூறு ரூபாய் அளவுதான் தேறும்.

ஆக, மின்கட்டணம் ஒன்றை மட்டும் நம்பிப் புதுக் கணினி வாங்கினால் போட்ட பணம் திரும்பிவர வெகுகாலம் ஆகும். உண்மையான ஆதாயம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, அறைச் சூடு. கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. நூறு வாட் டவர் என்பது பக்கத்தில் இன்னோர் ஆள் நாள் முழுக்க நெருங்கி உட்கார்ந்திருப்பது மாதிரி. ஏசி அறை என்றால் அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி தனியாக மின்சாரம் எடுக்கும்.

இரண்டாவது, யுபிஎஸ். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது. டவரும் மானிட்டருமாக 120 வாட் இழுத்தால் பேட்டரி புதிதாக இருக்கும்போதே இருபது நிமிடம் தாண்டுவது கடினம். மினி பிசியும் எல்இடி மானிட்டருமாக 30 வாட் என்றால் அதே பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மாதாந்திர மின்தடை நாளில் தாக்கல் பாதியில் நிற்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

4. எண்ணையும் எழுத்தையும் படிக்கப் பழகுங்கள்

‘ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி’ என்று மட்டும் சொல்லும் விளம்பரம் எதையுமே சொல்லவில்லை. ஐ5க்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். ஐ5-8500டி என்றால் முதலில் வரும் 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கிறது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். இன்று ஓடும், அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றாலும் கேட்க நாதி இல்லை.

கடைசியில் வரும் ‘டி’ என்ற எழுத்து 35 வாட் வகை என்பதைக் காட்டுகிறது. எழுத்து இல்லாத ஐ5-8500 என்பது 65 வாட் வகை. சும்மா இருக்கும் நிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடுக்கும். கடும் வேலையின்போது சூடு எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ‘டி’ ஒரு கடிவாளம். சிறிய பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கு அந்தக் கடிவாளம் நல்லது.

இன்டெலின் என்100 என்ற பிராசஸரைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். 2023இல் வந்தது; நான்கு கோர்; 6 வாட் என்று போட்டிருக்கும். அந்த 6 வாட் பிராசஸருக்கு மட்டுமான கணக்கு. முழுக் கணினியாக, வேலை நடக்கும்போது, அதைப் போல இரண்டு மூன்று மடங்கு சுவரிலிருந்து இழுக்கும். அப்போதும் அது குறைவுதான். ஆனால் விளம்பர எண்ணை நம்பி யுபிஎஸ் நேரம் கணக்குப் போடாதீர்கள்.

5. எந்த வகை வாங்கலாம்?

அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த ரீஃபர்பிஷ்டு மினி பிசியே என் முதல் பரிந்துரை. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்று வரிசைகளில் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டதாகப் பாருங்கள். ஒரு தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். திரை எரிந்துகொண்டு சும்மா நிற்கும்போது பத்து வாட்டை ஒட்டி எடுக்கும். உள்ளே திறந்து தூசு தட்டலாம், ரேம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம். கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் விலை விசாரித்துவிட்டு உங்கள் ஊரில் பேரம் பேசுங்கள். ஊர்க் கடைக்காரர் பக்கத்தில் இருப்பதற்குச் சற்றுக் கூடுதல் கொடுத்தாலும் தப்பில்லை.

புதிய என்100 மினி பிசி கடிதம், இணையம், தாக்கல் வேலைகளுக்குப் போதும். பெரிய எக்செல் கோப்புகளோடு போராடுகிறவர்களுக்கு வேண்டாம். பெயர் தெரியாத நிறுவனங்களின் பெட்டிகளில் வாரண்டி என்பது அட்டையில் மட்டும் இருக்கும். அடாப்டரில் ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விசிறியே இல்லாத மாடல்களைச் சத்தமில்லை என்பதற்காகப் பலர் தேடுகிறார்கள். ஏசி அறைக்குச் சரி. நம் கோடையில் அறைச் சூடே 37, 38 டிகிரியில் நிற்கும்போது அந்தப் பெட்டி தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மெல்லச் சுற்றும் விசிறி ஒன்று இருப்பதே மேல்.

ஆப்பிளின் எம்4 மேக் மினி மின்சாரத்தில் எல்லாரையும் தோற்கடிக்கும். சும்மா இருக்கும்போது 4 வாட் அளவு. 2024இல் 59,900 ரூபாய்க்கு வந்தது. ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸை நம்பியிருப்பவை. அந்த வேலைக்காரர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம். ராஸ்பெரி பை 5 என்ற கையளவுக் கணினிக்கும் இதே பதில்தான்.

பழைய பிசினஸ் லேப்டாப்பை மானிட்டரில் இணைத்து வைப்பதையும் யோசிக்கலாம். யுபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. எப்போதும் சார்ஜில் கிடந்தால் நம் சூட்டில் பேட்டரி உப்பும் என்பதால், சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள்.

6. கடையில் அரை மணி நேரம் செலவிடுங்கள்

ரீஃபர்பிஷ்டு வாங்குகிறவர் கடையிலேயே இயக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

அடாப்டரில் தொடங்குங்கள். பெட்டியின் அதே நிறுவனத்து அசல் அடாப்டர்தானா? டெல் கணினிகள் தங்கள் அடாப்டரை அடையாளம் பார்க்கும். வேறு ஏதாவது செருகியிருந்தால் இயக்கும்போது எச்சரிக்கை வரும், பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைக்காரர் ஒரு விசையை அழுத்தி அந்த எச்சரிக்கையைத் தாண்டிப்போவார். நீங்களே பவர் பட்டனை அழுத்தித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை. அதற்குள் நுழைய கடவுச்சொல் கேட்டால் அது பழைய அலுவலகம் போட்ட பூட்டு. ‘அதெல்லாம் தேவைப்படாது சார்’ என்பார்கள். தேவைப்படும். பூட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் முழுப் பெயரையும், எத்தனை ரேம் ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. எனவே ‘இப்போது 8 ஜிபி, பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்ற பழைய உத்தி கையைக் கடிக்கலாம். 16 ஜிபியோடு என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோனால் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.

யூடியூபில் ஒரு வீடியோவைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, காற்று வெளியேறும் இடத்தில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விசிறி அலறியும் சூடு தணியவில்லையென்றால் பிராசஸரின் சூட்டைக் கடத்த உள்ளே பூசியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். புதிதாகப் பூசித் தரச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

பல ரீஃபர்பிஷ்டு பெட்டிகளில் வைஃபை கார்டோ அதன் ஆன்டெனாவோ இருக்காது. திரைக்குப் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும். உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் கன்வர்ட்டரையும் சேர்த்து விலை பேசுங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான பேரலல் கேபிளைச் செருக இந்தப் பெட்டிகளில் பொதுவாக இடமே கிடையாது. யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது. ஆனால் டாஸ் காலத்து மென்பொருளிலிருந்து அச்செடுப்பவர்களுக்கு அது கைகொடுக்காது.

7. காகிதங்கள்

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தொழிலுக்காக வாங்கினால் உள்ளீட்டு வரியாக அதைத் திரும்பப் பெற வாய்ப்பிருக்கிறது. உங்கள் ஜிஎஸ்டி எண் பில்லில் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கும் வாரண்டி கேட்க அந்த பில்தான் ஆதாரம். மாடல் பெயர், சீரியல் எண், வாரண்டி எத்தனை மாதம், அடாப்டருக்கும் சேர்த்தா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

விண்டோஸ் உரிமத்தில்தான் பெரிய பொறி. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் உரிமத்தால் இயங்குகிறது என்று வர வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயங்குகிறது என்று வந்தால் அது உங்களுக்கான உரிமம் அல்ல. 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வகை அது. கடைக்காரர் ஏதோ திருட்டு வழியில் ஓட்டியிருக்கிறார். அசல் அலுவலக மினி பிசிகளில் விண்டோஸ் புரோ உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக மறுபடி நிறுவினால் தானே ஆக்டிவேட் ஆகும். கடையில் போட்டுத் தந்ததை அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நீங்களே ஒருமுறை நிறுவுவது எல்லா வகையிலும் நல்லது.

8. மாறும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

மாதாமாதம் தாக்கல் செய்கிறவருக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்). இந்த இரண்டுக்கும் இடையில் கணினியை மாற்றாதீர்கள். காலாண்டுத் தாக்கல்காரர்களின் 22ஆம் தேதியும் கழியட்டும். அதற்குப் பிறகு வரும் ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரித் தாக்கல் குவியும் ஜூலை மாதத்தை அடியோடு மறந்துவிடுங்கள்.

டேலி உரிமம் கணினியோடு பிணைக்கப்பட்டது. பழைய கணினியிலேயே ‘சரண்டர்’ செய்துவிட்டு, பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழையதை முதலில் அழித்துவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு அலைய வேண்டியிருக்கும். கையொப்ப டோக்கனின் டிரைவரையும், ஜிஎஸ்டி தளத்துக்கான கையொப்ப மென்பொருளையும் நிறுவி, கடைசித் தேதிக்கு வெகு முன்பே ஒரு கையொப்பம் போட்டுப் பாருங்கள். டிடிபி வேலை செய்கிறவர்கள் பழைய எழுத்துருக் கோப்புறையை அப்படியே நகலெடுங்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய அழைப்பிதழைத் திறக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஒரு முழுத் தாக்கல் சுற்று புதியதில் முடியும்வரை பழைய கணினியை மூலையில் வைத்திருங்கள்.

9. வைக்கும் இடம், சில அமைப்புகள்

இந்த வகைக் கணினிகள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் சொல்லும் சுற்றுப்புறச் சூட்டு வரம்பு 35 டிகிரி. நம் மே மாதம் அதை மதிப்பதில்லை. எனவே மூடிய அலமாரிக்குள்ளோ, மோடம், யுபிஎஸ் மேலோ வைக்காதீர்கள். காற்று போகும் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். செங்குத்தாக நிறுத்தும் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசு தட்டுங்கள். விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், தறிகெட்டுச் சுற்றவிடாதீர்கள்.

பத்து நிமிடத்தில் திரை அணையட்டும், அரை மணியில் கணினி உறங்கட்டும். பயாஸில் ஈஆர்பி அல்லது டீப் ஸ்லீப் என்ற அமைப்பு இருந்தால் இயக்கிவிடுங்கள். அணைத்த பிறகும் ஒழுகும் மின்சாரம் குறையும். மின்சாரம் போய் வந்ததும் தானே இயங்கும் அமைப்பை நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் நள்ளிரவில் கரண்ட் வரும்போதெல்லாம் கணினி தனியாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஈபி மீட்டர் விளக்கை மறுபடி எண்ணலாம். ஆனால் 12 வாட்டுக்கு 3200 மீட்டரில் பத்து நிமிடத்துக்கு ஆறு மினுக்கல்தான் வரும். ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும். அரை மணி நேரம் எண்ணி, மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

10. பழைய கணினி

டிஸ்கை முதலில் கழற்றி வையுங்கள். அதில் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் கணக்கும் இருக்கின்றன, ஃபார்மேட் செய்தது மட்டும் போதாது. மீதியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், மின்னணுக் கழிவுக்குப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, புதியதை வாங்கிய கடையில் எக்ஸ்சேஞ்சிலோ கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம்; ரேமைத் தனியாக விற்றால் முழு டவருக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம்.